பஞ்சோடு போன கண்

துபாய்க்குப் போகிறேன் என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், மெட்ராஸில் நான் வேலை பார்த்த அருங்காட்சியகத்தில் ஆளாளுக்குச் சாமான் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவருக்குக் கோடாலித் தைலம், ஒருவருக்கு டூ-இன்-ஒன், இன்னொருவரின் மனைவிக்கு ஃபாரின் புடவை. “நான் ஒரு பழைய படத்துக்கு வைத்தியம் பார்க்கப் போகிறேன், கடை பார்க்க இல்லை” என்றேன். “வைத்தியம் பாத்துட்டு வர்ற வழியில வாங்கிட்டு வாயேன்” என்றார்கள். எண்பதுகளில் துபாய் என்றால் அப்படித்தான்.

பழைய ஓவியங்களில் பெயர்ந்து வரும் வண்ணத்தை மறுபடி ஒட்டுவதும் மேலே படிந்த கரியை எடுப்பதும் என் தொழில். என்னை அழைத்தவர் கீழக்கரைக்காரர், பெயர் சுல்தான். துபாயின் தேரா பகுதியில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். அவர் ஊர்ப் பழைய பள்ளிவாசலின் மரக்கூரையில் இருந்த வண்ணப் பூவேலையை நான் ஒரு கோடை முழுக்கச் சாரத்தில் மல்லாந்து படுத்துச் சரிசெய்திருக்கிறேன். அதை அவர் மறக்கவில்லை. ஒரு நாள் அவர் கடைக்கு எகிப்தியப் பாதிரியார் ஒருவர் வந்து, மாதா படத்தின் மேல் பூச ஒரு டின் வார்னிஷ் கேட்டிருக்கிறார். படம் எத்தனை பழசு என்று சுல்தான் விசாரித்ததும் வார்னிஷ் டின்னை உள்ளே எடுத்து வைத்துவிட்டாராம். “எங்க ஊர்ப் பக்கம் ஒரு அக்கா இரிக்கிறாங்க, அவங்க வந்து பாக்காம இதத் தொடாதிய” என்று சொல்லியிருக்கிறார். இப்படியாக ஒரு முஸ்லிம் கடைக்காரர் சொல்லி, திருநீறு பூசிய நான், கிறிஸ்தவர்களின் மாதாவைப் பார்க்க டிசம்பர் மாதத்தில் விமானம் ஏறினேன்.

விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பையிலிருந்து வண்ணம் ஒட்டும் மீன்பசைத் தகடுகளை எடுத்து முகர்ந்து பார்த்தார். உடனே இரண்டடி பின்வாங்கி, போ போ என்று கையைக் காட்டினார். வெளியே சுல்தான் பிக்கப் வண்டியோடு நின்றார். பின்னால் டெலிவரிக்கு ஏற்றிய கழிப்பறைக் கோப்பைகள். என் பெட்டி அவற்றுக்கு நடுவே உட்கார்ந்து ஊர்வலம் வந்தது. “கடைக்கு ஒரே வண்டிதாங்கா, மன்னிச்சுக்கிருங்க” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு வேடிக்கையாக இருந்ததே தவிர வருத்தமாக இல்லை.

தங்க வைத்தது கராமா பகுதியில், சமீரா என்ற எகிப்திய நர்ஸின் வீட்டில். மாதா கோயில்காரர்கள் செய்த ஏற்பாடு. நாலு மாடிக் கட்டடம், கீழே உடுப்பி ஓட்டல், பக்கத்தில் மலையாளி சலூன். மாடிப்படி ஏறும்போது முதல் மாடியில் ரசவாசனை, இரண்டாம் மாடியில் மீன் வறுவல், மூன்றாம் மாடியில் பூண்டும் கொத்துமல்லியும் எண்ணெயில் பொரிகிற ஏதோ ஒன்று. அந்த மூன்றாம் மாடிதான் என் வீடு.

சமீராவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இல்லை. ஏழு வயது மகன் மினா ஊரில், அக்காவின் பொறுப்பில் இருந்தான். பையனுக்குப் பிறவியிலேயே ஒரு கண்ணில் கோளாறு. இரண்டு தடவை அறுவை சிகிச்சை தள்ளிப்போய், இந்தக் குளிர்காலத்தில்தான் செய்வதாக இருந்தது. லீவு கிடைக்காததால் சமீராவால் போக முடியவில்லை. இதையெல்லாம் வந்த முதல் மணி நேரத்திலேயே, பாதி ஆங்கிலமும் பாதிக் கை ஜாடையுமாக என்னிடம் சொல்லிவிட்டாள். என்னை ‘டாக்டோரா’ என்றுதான் கூப்பிட்டாள். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொல்லியும் பயனில்லை.

நான் சைவம். வளைகுடாவில் தயிர்சாதமும் வாழைப்பழமுமாகக் காலம் தள்ள வேண்டும் என்று பயந்து ஒரு டின் பருப்புப்பொடி கொண்டு போயிருந்தேன். அந்த டின்னைத் திறக்கவே வேலை வரவில்லை. எகிப்தின் பழைய சபையான காப்டிக் கிறிஸ்தவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழாம் தேதி. அதற்கு முன்னால் ஆறு வாரத்துக்கு மேல் நோன்பு. கறி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கூடாது. ஆக நான் போய் இறங்கியது, ஒரு நகரத்து எகிப்தியக் கிறிஸ்தவர்கள் எல்லாரும் சேர்ந்து கிட்டத்தட்ட சைவமாக இருந்த நாட்களில்.

காலையில் மொச்சை மாதிரி ஒரு பயறை இரவெல்லாம் வேகவைத்து எலுமிச்சை பிழிந்து கொடுப்பாள். அதே பயறை ஊறவைத்து அரைத்துப் பச்சைத் தழை போட்டுப் பொரித்தால் தாமியா. நம் ஊர் ஆமவடையின் பெரியம்மா மகள் என்று சொல்லலாம். சோறு, பருப்பு, மக்ரோனி மூன்றையும் ஒரே தட்டில் கொட்டி மேலே வறுத்த வெங்காயம் போட்ட ஒன்றுக்குக் கோஷரி என்று பெயர். முதல் நாள் இதென்ன கூத்து என்று பார்த்தேன். மூன்றாம் நாள் இரண்டாம் தட்டு கேட்டேன். ஒரே குறை, நோன்பு வீட்டில் பால் இல்லை. பால் இல்லாத டீயைக் குடித்துவிட்டு நான் முகத்தை எப்படி வைத்துக்கொண்டேனோ, சுல்தான் அடுத்த நாளிலிருந்து ஃபிளாஸ்கில் பால் டீ கடத்திவர ஆரம்பித்தார். அதைப் பிக்கப்பில் உட்கார்ந்து ஒளித்துக் குடிப்பேன்.

வழிபாட்டுக் கூடம் பல சபைகள் பங்குபோட்டுக்கொண்ட ஒரு வளாகத்தில் இருந்தது. ஞாயிறு வேலைநாள் என்பதால் எல்லாருக்கும் வெள்ளிக்கிழமைதான் ஞாயிறு. ஒரு கூடத்தில் மலையாளிகள் பாடி முடித்து வெளியே வர, அடுத்த கூட்டம் செருப்புச் சத்தத்தோடு உள்ளே போகும். முறை முறையாக நேரம். நம் ஊர்த் தெருக்குழாயில் குடம் வைப்பது போலத்தான்.

பாதிரியாரை எல்லாரும் அபூனா என்றார்கள், எங்கள் தந்தை என்று அர்த்தம். கறுப்பு அங்கி, நெஞ்சு வரை தாடி, அதற்குச் சம்பந்தமே இல்லாத சின்னக் குழந்தைச் சிரிப்பு. என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் படத்தின் முன் நிறுத்தினார்.

படத்தின் சொந்த இடம் தெற்கு எகிப்தில், நைல் கரையில், மிகப் பழைய ஒரு தேவாலயம். சுவரில் ஈரம் ஏறியதால் உள்ளிருந்த சித்திரப் பலகைகளை எல்லாம் கழற்றிவிட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர் ஆண்களில் பாதிப் பேர் வளைகுடாவில். அவர்கள் கெஞ்சிக் கேட்டதால், வேலை முடியும் வரை ஒரே ஒரு பலகையை முறையாக அனுமதி வாங்கி இங்கே அனுப்பிவைத்திருந்தார் அந்த ஊர் ஆயர். அத்திமரப் பலகை. மடியில் குழந்தையோடு மாதா. நீல முக்காடு. காப்டிக் கலையில் முகத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய கண்கள் வரைவார்கள். எந்தப் பக்கம் நின்றாலும் நம்மையே பார்க்கும்.

இந்த மாதாவுக்கு ஒரு கண்தான் இருந்தது. இடக்கண் இருந்த இடத்தில் வெள்ளைச் சுண்ணப்பூச்சு, புளியங்கொட்டை அளவுக்குப் பளிச்சென்று தெரிந்தது.

“கிறிஸ்துமஸுக்குள் இவளுக்குக் கண் வேண்டும்” என்றார் அபூனா ஆங்கிலத்தில்.

பக்கத்தில் நின்ற பருத்த மனிதர் தலையை ஆட்டினார். பெயர் கிர்கிஸ். சத்வா பகுதியில் கடைகளுக்கு போர்டு எழுதுகிறவர். சவரக்கடைக் கண்ணாடியில் அவர் வரைந்த அழகன் முகம் ஒன்றைப் பின்னால் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. உங்களால் முடியாவிட்டால் நான் அரை மணியில் வரைந்துவிடுவேன், எனாமல் பெயின்ட் நூறு வருஷம் தாங்கும் என்றார் அன்போடு. பல நூறு வருஷத்து முகத்தில் சவரக்கடை எனாமல். அந்த நிமிஷத்திலிருந்து கிறிஸ்துமஸ் எனக்குக் கெடுவாகிவிட்டது.

வேலையை ஆரம்பித்தேன். நோய் என்ன என்று கண்டுபிடிக்கக் கெட்டிக்காரத்தனம் தேவைப்படவில்லை. எகிப்தின் வறண்ட காற்றில் நிம்மதியாக இருந்த மரம் இது. இங்கே கடலோர ஈரம். வெள்ளிக்கிழமை மட்டும் ஏசியை முழு வேகத்தில் வைப்பார்கள், சனிக்கிழமை அணைத்துவிடுவார்கள். மரம் ஒரு நாள் சுருங்கி மறுநாள் உப்பியது. மேலே இருந்த வண்ணம் காய்கிற அப்பளம் மாதிரி ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. தும்மினால் உதிர்ந்துவிடும். மீன்பசையைத் தண்ணீராகக் கரைத்து, மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு செதிலின் அடியிலும் விட்டு, காகிதம் வைத்து, இளஞ்சூட்டில் அழுத்த வேண்டும். மீன்பசை என்றதும் சமீரா கவலையோடு கேட்டாள், நோன்பில் மாதாவுக்கு மீன் ஆகுமா என்று. அவளே யோசித்து, இந்த நோன்பில் மீனுக்கு மட்டும் அனுமதி உண்டு என்று சமாதானமானாள். வண்ணத்தைக் குழைத்ததே முட்டை மஞ்சள் கருவில்தான் என்பதை நான் சொல்லவில்லை.

கரியைத் துடைக்க எங்கள் தொழிலில் ஒரு பழைய மருந்து உண்டு. எச்சில். பஞ்சுக்குச்சியை வாயில் வைத்து ஈரமாக்கித் துடைத்தால் மெழுகுவர்த்திப் புகை அழகாக வந்துவிடும். பள்ளிவாசல் கூரையிலும் இதைத்தான் செய்தேன், யாருக்கும் தெரியாமல். சாமி படத்தில் எச்சில் படலாமா என்று நம் வளர்ப்பு உள்ளுக்குள் குத்திக்கொண்டேதான் இருக்கும். ஒரு நாள் அபூனா சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்றுவிட்டார். குச்சி என் வாயில். நான் அசடு வழிந்தேன். அவர் அதே குழந்தைச் சிரிப்போடு, “எங்கள் கர்த்தரும் எச்சிலால்தான் ஒரு குருடனுக்குப் பார்வை கொடுத்தார், நீங்கள் வேலையைப் பாருங்கள்” என்றார். அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது அப்போதுதான்.

மறுநாள் பூதக்கண்ணாடியில் கண்ணின் இடத்தைப் பார்த்தேன். உடைந்த ஓரம் புதுசு. வெள்ளையில் தூசி ஏறவே இல்லை. சில வாரங்களுக்குள் போயிருக்கிறது. ஓரத்தில் நூல் நூலாக ஏதோ சிக்கியிருந்தது. இடுக்கியால் எடுத்தேன். பஞ்சு. நீல முக்காட்டின் ஓரமெல்லாம் தேடினால் அங்கும் பஞ்சு. யாராவது இதைத் துடைத்தீர்களா என்று அபூனாவைக் கேட்டேன்.

“துடைக்கவில்லையே. ஆசீர்வாதம்தான் எடுப்போம்” என்றார். அங்கிப் பையில் கையை விட்டு, காகிதத்தில் மடித்த ஒரு துண்டுப் பஞ்சை எடுத்துக் காட்டினார். வாசனை எண்ணெயில் தோய்த்து, படத்தில் ஒற்றி, வீட்டுக்கு எடுத்துப்போவது அவர்கள் வழக்கம். ஊரில் செதில் தூக்காத வரை அதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. நான் அந்தப் பஞ்சை வெளிச்சத்தில் பிரித்தேன். உள்ளே நீலமாக ஒரு பொட்டு. மாதாவின் முக்காடு.

அபூனா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை, கூடத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் மாதாவைக் கொஞ்சம் கொஞ்சமாக பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். கோபப்பட எனக்கு மனசு வரவில்லை. என் கைப்பையில் ஊர் அம்மன் குங்குமம் மடித்த காகிதம் இருந்தது. சுல்தான் கையில் தாயத்து. யாரை யார் திட்டுவது?

அடுத்த வெள்ளிக்கிழமை அபூனா அறிவித்தார்: பஞ்சுகளைக் கொண்டுவாருங்கள். கூடம் முணுமுணுத்தது. கொடுத்த ஆசீர்வாதத்தைத் திரும்பக் கேட்பார்களா என்று ஒருவர் உரக்கவே கேட்டார். பஞ்சை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன், அதில் உள்ள வண்ணத்தை மட்டும் எடுத்துவிட்டு உங்களிடமே தந்துவிடுவேன் என்று சொல்லச் சொன்னேன். அதன் பிறகு வரிசை வந்தது. ஆஸ்பத்திரி வெளிநோயாளிப் பிரிவு மாதிரி நான் மேசை போட்டு விளக்கும் இடுக்கியுமாக உட்கார்ந்தேன். பர்ஸிலிருந்து வந்தது, கேசட் டப்பாவிலிருந்து வந்தது, ஷார்ஜா டாக்ஸிக்காரர் ஒருவரின் ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்து வந்தது. பாஸ்போர்ட் உறையிலிருந்து ஒருவர் எடுத்தார். பாஸ்போர்ட் கஃபீல் என்கிற ஸ்பான்சர் முதலாளியிடம், உறை மட்டும் அவரிடம். நீலம் வந்தது, பழுப்பு வந்தது, குழந்தையின் தலையைச் சுற்றிய பொன் வளையத்தில் ஒரு கீற்று வந்தது. கண் வரவில்லை.

வர முடியாதவர்கள் அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்பில் இருந்தார்கள், ஷிஃப்ட் டியூட்டி. சுல்தான் பிக்கப்பில் கிளம்பினோம். அல் கூஸ் அப்போது பாதி கிடங்கு, பாதி பாலைவனம். குறுக்கு வழி தெரியும் என்று தார் ரோட்டை விட்டு இறங்கினார். ஐந்து நிமிஷத்தில் சக்கரம் அச்சு வரை மணலில் புதைந்தது. “நேத்து இந்த வழி இரிந்திச்சுங்கா” என்றார், வழியின் மேல் பழி போட்டு. நாங்கள் தேடிப்போன கேம்ப்பின் ஆட்களே நடந்து வந்து, “யல்லா, யல்லா” என்று தள்ளி வெளியே எடுத்தார்கள். பஞ்சாபி ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, “பாய், தீரே, தீரே” என்று, மெதுவாக விடச் சொல்லி, சுல்தானுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கேம்ப்பில் தகரக் கூரைக்குக் கீழே அடுக்குக் கட்டில்கள். ஒவ்வொருவரும் தலைமாட்டிலிருந்து பஞ்சை எடுத்துத் தந்தார்கள். ஒரு கொத்தனார் தன் பஞ்சை நிடோ பால்பவுடர் டின்னுக்குள் வைத்து, அதைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைப் பூட்டி வைத்திருந்தார். அதில் முக்காட்டின் ஓரத்து நட்சத்திரம் முழுசாகக் கிடைத்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அங்கும் மாதாவின் கண் இல்லை.

செதில்களை ஒவ்வொன்றாக இடம் தேடி ஒட்டினேன். நாட்கள் அதிலேயே போயின. முக்காடு கூடியது, நட்சத்திரம் கூடியது. இடக்கண்ணில் மட்டும் அந்த வெள்ளை.

அபூனாவோடு எனக்கு ஒரே ஒரு சண்டை, அது இதைப் பற்றித்தான். இல்லாததை நான் வரைய மாட்டேன், யாரையும் வரைய விடவும் மாட்டேன் என்றேன். கிடைக்காத இடத்தைக் கண்ணை உறுத்தாத ஒரு மண்நிறத்தால் மூடிவிட்டால் போதும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “டாக்டோரா, உங்கள் அருங்காட்சியகத்தில் இருப்பது படம். இவளிடம் இவர்கள் பேசுகிறார்கள். கண் பார்க்காத ஒருத்தியிடம் எப்படிப் பேசுவார்கள்?” நம் ஊரிலும் ஸ்தபதி கடைசியாகக் கண்ணைத் திறந்த பிறகுதானே கல் சாமியாகிறது. என் பக்கத்து நியாயமே எனக்கு ஒல்லியாகத் தெரிந்தது. பண்டிகை நாள் மதியம் வரை பொறுங்கள், அதற்குள் கிடைக்காவிட்டால் கிர்கிஸ் வரட்டும் என்று பேசி முடித்தோம். வெளியே வந்து சுல்தானிடம் புலம்பினேன். “கெடைக்கும்கா. கண்ணுல்ல? எங்கன இருந்தாலும் நம்மள பாத்துக்கிட்டுத்தான் ஈக்கும்” என்றார். அந்த ஆறுதல் அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

பண்டிகைக்கு முந்தைய நாள் மழை. துபாயில் மழை பெய்தால் ஊரே பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட மாதிரி ஆகிவிடும். கராமா தெருவில் முழங்கால் தண்ணீர், வாளியோடு உடுப்பி ஓட்டல்காரர். பிக்கப் வர வழியில்லை. நானும் சமீராவும் சமையலறையில் உட்கார்ந்து தாமியா தட்டிக்கொண்டிருந்தோம். காலையில் ஆஸ்பத்திரிக்கு அவள் அக்காவிடமிருந்து டிரங்க் கால் வந்திருந்தது. மினாவுக்குப் பண்டிகைக்கு மறுநாள் அறுவை சிகிச்சை. நல்ல செய்திதானே, ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டேன்.

அவள் கையில் இருந்த மாவைத் தட்டில் வைத்தாள். “அந்தக் கண் மினாவிடம் இருக்கிறது” என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, எல்லாரும் முக்காட்டில் ஒற்றியபோது, மகனுக்காக மாதாவின் கண்ணில் மட்டும் ஒற்றலாம் என்று தோன்றியிருக்கிறது. நன்றாக அழுத்தி வேண்டிக்கொண்டிருக்கிறாள். பஞ்சை எடுத்தபோது கண் கூடவே வந்துவிட்டது. அவள் பயப்படவில்லை. ‘நான் கேட்டேன், மாதா கொடுத்துவிட்டாள்’ என்றுதான் நினைத்தாள். லீவில் போன ஒரு நர்ஸிடம் கொடுத்தனுப்பி, மகனின் பனியனில் உள்பக்கமாகத் துணி வைத்துத் தைக்கச் சொன்னாள். அபூனா அறிவித்த அன்றுதான் தான் செய்தது என்னவென்று புரிந்திருக்கிறது. அன்றிலிருந்து சொல்ல நாக்கு எழவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. நான் கண்ணைத் தேடிப் போய் மணலில் புதைந்தபோதெல்லாம் இவள் எனக்குச் சோறு பரிமாறியபடி இதை மனசில் வைத்திருந்தாளே என்று ஆத்திரமாக வந்தது. எழுந்து போய் ஜன்னலில் நின்றேன். அவள் பின்னாலிருந்து சொன்னாள்: “நீங்கள் சொன்னால் இன்றைக்கே அக்காவுக்கு போன் போடுகிறேன். பிரித்து எடுத்து, முதலில் வருகிறவரிடம் கொடுத்தனுப்பிவிடுவாள். ஆனால் பண்டிகைக்கு மறுநாளே ஆபரேஷன், டாக்டோரா.”

என் தொழிலில் எனக்குக் கற்றுக்கொடுத்த எல்லாம், போன் போடச் சொல் என்றன. பனியனுக்குள் வியர்வையில் ஒரு பழைய வண்ணச் செதில் என்ன பாடு படும் என்று எனக்குத் தெரியும். நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். “வேண்டாம். இருக்கட்டும்” என்றேன். சொன்ன பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். தாமியா அன்றைக்கு உப்பு தூக்கலாக இருந்தது, அதற்குக் கண்ணீர் பொறுப்பில்லை, உப்பை இரண்டு பேரும் போட்டுவிட்டோம்.

பண்டிகை நாள் காலையில் தண்ணீர் வடிந்ததும் அபூனாவிடம் போனோம். சமீரா தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் அரபியில் சொன்னாள். பையனுக்கு எந்தக் கண் என்று அபூனா கேட்டார். இடக்கண் என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மதியம் கிர்கிஸ் புதுத் தூரிகைகளோடு வந்தார், குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. “கலாஸ், கிர்கிஸ். வேண்டாம்” என்றார் அபூனா. கிர்கிஸ் முகம் சுருங்கிப்போனது. பிறகு, அப்படியானால் ஒரு போர்டாவது எழுதுகிறேன் என்று, சுல்தான் கொண்டுவந்த கண்ணாடிச் சட்டத்துக்குக் கீழே வைக்க அழகான எழுத்தில் ‘தொடாதீர்கள்’ என்று அரபியிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தந்தார்.

நான் வெள்ளையை மண்நிறத்தால் மூடினேன். தண்ணீர் தொட்டால் போய்விடும் வண்ணம்தான். ஒரு நாள் செதில் திரும்பி வந்தால் ஒட்டுவதற்கு இடம் காத்திருக்கட்டும். படத்துக்குக் கண்ணாடி போட்டோம். ஏசியை மெதுவாக, ஆனால் ஒரு நாளும் அணைக்காமல் ஓடவிடுவதென்று ஏற்பாடாயிற்று.

சாயங்காலம் எங்கள் முறை வந்தது. கூடத்தில் எள் போட இடமில்லை. அல் கூஸ் ஆட்கள் ஒரே லாரியில் வந்திருந்தார்கள். சுல்தான் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றார். படத்தை மூடியிருந்த திரையை விலக்கியதும் ஒரு சத்தம் எழுந்தது. மாதாவுக்கு இன்னும் அந்தக் கண் வரவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அபூனா திரும்பி நின்று பேசினார். பக்கத்திலிருந்த எஞ்சினியர் ஒருவர் எனக்கு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அபூனா யார் பெயரையும் சொல்லவில்லை. இவ்வளவுதான் சொன்னார்: “இவளுக்கு ஒரு கண் இங்கே இருக்கிறது, இன்னொரு கண் ஊரில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள முடியாதவர் இந்தக் கூடத்தில் யாராவது இருக்கிறீர்களா?”

எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவர் கடைசி வரியைப் பாதியில் நிறுத்தி, பிறகுதான் முடித்தார்.

பிறகு வரிசை நகர்ந்தது. கிர்கிஸின் போர்டை ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை. முன்பெல்லாம் முக்காட்டை முத்தமிட்டவர்கள், அன்றைக்கு ஒவ்வொருவராகக் கண்ணாடிக்கு மேல், அந்த மண்நிறத்தின் இடத்தில் உதட்டை வைத்தார்கள். கிர்கிஸும் வைத்தார். தொடாதே தொடாதே என்று வாழ்நாளெல்லாம் சொல்லியே சம்பளம் வாங்கிய நான் ஒருவரையும் தடுக்கவில்லை.

சமீரா பெண்கள் வரிசையில் கடைசியில் வந்தாள். அதற்குள் கண்ணாடியில் அத்தனை பேர் மூச்சும் படிந்து அந்த இடம் மங்கிப்போயிருந்தது. அவள் முத்தமிடவில்லை. முக்காட்டு நுனியால் கண்ணாடியைத் துடைத்தாள். கண் இல்லாத இடத்துக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோனாள். இத்தனை நாள் அவள் வீட்டில் இருந்ததில் எனக்குப் புரியும் அளவுக்கு அரபி வந்திருந்தது.

“அவன் எப்படி இருக்கிறான்?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு, டிரங்க் காலில் மறுமுனைக் குரலுக்குக் காத்திருப்பவளைப் போலக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.